ஆற்றில் இறங்கி மீன் பிடிக்க உடுப்பு: மலையகக் குளிருக்கு அடுக்கடுக்காக உடுத்தும் முறை

இலங்கை மலையகத்தில் ஜனவரி மாதத்து விடியற்காலையில் ஆற்றில் தூண்டில் போட வருகிறவர்களைப் பார்த்தால் பாதிப்பேர் ஒரே கோலத்தில்தான் நிற்பார்கள். மேலே உப்பிப்போன தடித்த ஜாக்கெட், உள்ளே பருத்தி டீசர்ட், கீழே ஜீன்ஸ், காலில் கம்பூட்ஸ். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலை மலைக்குக் கீழே ஓடும் ஆற்றுக்குக் குறுக்குப் பாதையால் முக்கால் மணி நேரம் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது டீசர்ட் வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. சூடாகத்தானே இருக்கிறோம் என்று அப்படியே தண்ணீருக்குள் இறங்கினேன். தொடை வரைக்கும் ஜீன்ஸ் நனைந்தது, அப்புறம் பள்ளத்தாக்கு வழியாகக் காற்று ஏறி வந்தது. அரை மணி நேரத்துக்குள் நூலை முள்ளில் கட்ட முடியவில்லை. விரல் பத்தும் இருக்கின்றன, ஒன்றுகூடச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மீனும் இல்லை, ஒன்றும் இல்லை, பல்லைக் கிட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறி வந்து அடுப்படியில் குந்திவிட்டேன்.

அப்பாயி என்னைப் பார்த்துவிட்டு ஜாக்கெட்டுக்குள் கையை விட்டார். "இம்புட்டு மொத்தத்துல கோட்டு போட்டும் நடுங்குறியே, உள்ளுக்க ஈரச் சட்டையப் போட்டுக்கிட்டா காயிறதுக்கு நெனைச்ச?" என்றார். வாழ்நாளெல்லாம் மலையில் கொழுந்தெடுத்தவர் அவர். அந்தக் காலத்து ஆட்கள் உடுத்திய விதத்தை யோசித்துப் பாருங்கள்: உள்ளே ரவிக்கை, அதன்மேல் தாத்தாவின் பழைய சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், தலையிலிருந்து கொங்காணியாகப் போட்ட கம்பளி, இடுப்பில் கட்டிய படங்கு. காலையில் எல்லாம் மேலே இருக்கும், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழன்று இடுப்புக்கு வரும். அடுக்கு உடுப்பு என்று இன்றைக்கு வெளிநாட்டுக் கடைகள் படம் போட்டு விற்பது இதைத்தான். (அந்தக் கம்பளியைத் தோட்டமே கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் என்பது வேறு கதை.)

குளிர் எந்த வழியாக வருகிறது

இதை விளங்கிக்கொள்ளாமல் உடுப்பு வாங்கினால் காசுதான் போகும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீற்றர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர், ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேலே. கொழும்பில் 27 பாகை இருக்கும் நாளில் நுவரெலியாவில் 15, 16 என்று நிற்பது அதனால்தான். ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் அது இன்னும் நன்றாக விழும், சில நாள் காலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும், உருளைக்கிழங்குச் செடியும் தேயிலையும் கருகும்.

ஆனால் ஆற்றில் நிற்கிறவனுக்குக் காற்றின் குளிர் இரண்டாம் பட்சம். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட 25 மடங்கு அளவுக்கு வேகமாக இழுக்கும். 14 பாகைக் காற்றில் ஸ்வெட்டரோடு சும்மா நின்றுவிடலாம், 14 பாகைத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் சில நிமிஷத்தில் எலும்பு வலிக்கும். இதில் தப்பிக்க வழியும் இல்லை, ஏனென்றால் வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட, நாம் தேடிப் போகிற ரெயின்போ ட்ரவுட் 20 பாகைக்குக் கீழே உள்ள தண்ணீரில்தான் சுகமாக இருக்கும். அந்த மீனுக்குப் பிடித்த தண்ணீர் நமக்குப் பிடிக்காது.

அடுத்தது வேர்வை. ஒரு கிராம் வேர்வை காய்ந்து போக உடம்பிலிருந்து 580 கலோரிக்கு (0.58 கிலோகலோரி) கிட்டச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நடந்து வரும்போது உடம்பைக் காப்பாற்றுகிற அதே வேர்வை, அசையாமல் நிற்கத் தொடங்கியதும் நம்மைக் குளிரவைக்கிறது. என் அனுபவத்தில் மலையகத்து ஆற்றில் விறைத்துப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஆற்றுத் தண்ணீரில் நனைந்தவர்கள் அல்ல, தங்கள் வேர்வையில் நனைந்தவர்கள். கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: தோலோடு ஈரம் தங்கக் கூடாது.

தோலை ஒட்டிய அடுக்கு

பருத்தியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பெனியன், டீசர்ட், ஜீன்ஸ், பருத்தி மேஸ் (காலுறை), எதுவும் வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அதன் இழைகளுக்கு நடுவே இருந்த காற்று போய் அந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிடும். உடுப்பு சூடு தருகிறது என்று சொல்கிறோமே, உண்மையில் சூட்டைப் பிடித்து வைப்பது அந்தக் காற்றுத்தான்.

இந்த இடத்துக்கு வேண்டியது மெல்லிய, உடம்போடு ஒட்டி நிற்கிற, கை நீண்ட பொலியெஸ்டர் சட்டை. ஓடுகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் வகை போதும், அதற்கென்று பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை. கிரிக்கெட் விளையாட வாங்கிய கை நீண்ட பொலியெஸ்டர் ஜேர்சி இருந்தால் அதையே போடுங்கள். மெரினோ கம்பளிச் சட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட ஈரத்தை உறிஞ்சிய பிறகுதான் கைக்கு ஈரமாகத் தெரியும், நனைந்தாலும் கொஞ்சம் சூடு மிஞ்சும், இரண்டு நாள் போட்டாலும் நாறாது. பொலியெஸ்டரோ அரை நாளில் நாறும். ஆனால் சீக்கிரம் காயும். எனக்கு அந்த நாற்றம் பரவாயில்லை, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் பிரச்சினை.

வாங்கும் இடம் என்று கேட்டால் நுவரெலியா பேல் பசாரைத்தான் சொல்வேன். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய குளிர் உடுப்புகள் அங்கே குவிந்து கிடக்கும். பல உடுப்புகளில் லேபிளை வெட்டியிருப்பார்கள், கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே கம்பளிதான் என்பார். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. உள்பக்கத் தையலிலிருந்து ஒரு சின்ன நூலை இழுத்து, கடைக்கு வெளியே வந்து, நெருப்புக் குச்சியில் பிடியுங்கள். காகிதம் எரிகிற வாசம் வந்து மெல்லிய சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. தலைமுடி கருகிய வாசம் வந்தால் கம்பளி. சுருண்டு உருகி முனையில் கறுப்பாகக் கடினமான மணி ஒன்று நின்றால் பொலியெஸ்டர், நைலோன் வகை. தையல் நூல் வேறாகவும் துணி வேறாகவும் இருக்கலாம், அதனால் துணியின் ஓரத்து இழையையே எடுங்கள். நான் 'கம்பளி' என்று வாங்கப் போன ஒரு கறுப்பு உள்சட்டை அருமையான கறுப்பு மணியாக உருகியது. அப்படியும் வாங்கினேன், விலையைக் குறைத்துத்தான். இன்றைக்கும் அதுதான் என் முதல் அடுக்கு.

காலுக்கும் இதே மாதிரி ஒட்டிய நீளக் காற்சட்டை ஒன்று வேண்டும். இதைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். மேலே நான்கு சட்டை, கீழே ஒன்றுமே இல்லை. தண்ணீருக்குள் நிற்பது கால்தானே.

நடு அடுக்கு

இதற்குப் பிளீஸ் (fleece), அதாவது பஞ்சு மாதிரி மெத்தென்ற பொலியெஸ்டர் துணியில் தைத்த மேற்சட்டை. பழைய ஆட்டுக் கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் அதுவும் பிளீஸுக்குச் சளைத்ததல்ல, கொஞ்சம் பாரம், காய நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அக்ரிலிக் ஸ்வெட்டர் வாரச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். நனைந்தால் தொய்ந்து தொங்கிவிடும், காற்றும் புகும், ஆனாலும் பருத்தியைவிட நூறு மடங்கு மேல்.

ஒரு தடித்த பிளீஸ் வாங்குவதா, இரண்டு மெல்லிய பிளீஸ் வாங்குவதா என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மெல்லியது என்பேன். ஒன்றைக் கழற்றலாம், இன்னொன்று இருக்கும், இரண்டுக்கும் நடுவில் உள்ள காற்றும் ஒரு அடுக்கு. கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்குமாவது சிப் இருக்கிற பிளீஸாகப் பார்த்து எடுங்கள். கம்பைக் கீழே வைக்காமல் ஒரு கையால் சிப்பை இறக்கிச் சூட்டை வெளியே விடலாம், அது எவ்வளவு வசதி என்பது நாலு தடவை ஆற்றுக்குப் போனால் தெரியும்.

இறகு அடைத்த ஜாக்கெட்டை ஆற்றுக்குள் கொண்டுபோக வேண்டாம். அது காய்ந்திருக்கும்வரை ராஜா, நனைந்தால் ஈரக் கோழி. பையில் வைத்திருந்து கரை ஏறியதும் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதம்

அதிகம் பேர் தப்புச் செய்கிற இடம் இது. பாதம் குளிர்கிறது என்றதும் மூன்று சோடி மேஸைத் திணித்துக்கொண்டு சப்பாத்துக்குள் காலை இறுக்குவார்கள். அப்போது இரத்த ஓட்டம் குறையும், மேஸுக்குள் இருக்கிற காற்றும் நசுங்கிப் போகும், முன்னைவிடச் சீக்கிரம் விறைக்கும். ஒரு மெல்லிய பொலியெஸ்டர் மேஸ், அதன்மேல் ஒரு தடித்த கம்பளி மேஸ், அதோடு போதும். போட்ட பிறகு சப்பாத்துக்குள் விரல் ஐந்தையும் மடக்கி விரிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் ஒரு அளவு பெரிய சப்பாத்து எடுங்கள், இல்லையென்றால் மேஸைக் குறையுங்கள்.

உள் காற்சட்டையின் அடிப்பகுதியை மேஸுக்குள் செருகிவிடுவது முக்கியம். செருகாவிட்டால் அடுத்த உடுப்பை ஏற்றும்போது அது முழங்காலுக்குச் சுருண்டு ஏறிக்கொள்ளும், கெண்டைக்கால் வெறுமையாகிவிடும், ஆற்றுக்கு நடுவில் நின்று கையை உள்ளே விட்டு இழுக்கவும் முடியாது. தேயிலைக்குள்ளால் நடந்து போகும்போது அட்டையும் அவ்வளவு சுலபமாக ஏறாது, அது மேலதிக லாபம்.

நடந்து போகும் மேஸ் வேறு, ஆற்றில் போடும் மேஸ் வேறு. இதை நான் கறாராகச் சொல்கிறேன். நடந்து வேர்த்த மேஸோடு இறங்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சப்பாத்தும் காப்பாற்றாது.

வேடர்ஸ் இருந்தால், இல்லாவிட்டால்

வேடர்ஸ் என்றால் காட்டு வேடர் இல்லை, நெஞ்சு வரைக்கும் வருகிற, பாதத்தோடு சேர்ந்த நீர் புகாத காற்சட்டை. இரண்டு விதம் உண்டு. நியோப்பிரீன் என்பது முக்குளிப்பவர்கள் போடும் ரப்பர் மாதிரித் தடித்தது, அதுவே சூடு தரும், ஆனால் மேட்டில் அதோடு நடந்தால் உள்ளே ஆவி பிடித்த மாதிரி இருக்கும். மற்றது வேர்வை ஆவியை வெளியே விடுகிற மெல்லிய துணி வகை. இது தண்ணீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது, சூடு முழுக்க உள்ளே போடும் உடுப்பிலிருந்துதான் வர வேண்டும். நம் மலைக்கு நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன், ஏனென்றால் இங்கே எந்த ஆற்றுக்கும் இறங்கி ஏறி நடக்காமல் போக முடியாது.

தண்ணீருக்குள் போனதும் அதன் அழுத்தம் வேடர்ஸைக் காலோடு சேர்த்து அமுக்கும். அப்போது உள்ளே இருக்கும் மெல்லிய உடுப்பு நசுங்கி வேலைக்காகாமல் போய்விடும். ஆகவே தொடை ஆழத்துக்குப் போகிறவர் உள் காற்சட்டைக்கு மேலே தளர்வான பிளீஸ் காற்சட்டை ஒன்றும் போட வேண்டும். ஜொகிங் காற்சட்டை எடுப்பதானால் உள்பக்கம் பஞ்சு மாதிரி இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், முக்கால்வாசி பருத்தியாக இருக்கும். மேலே சொன்ன நூல் சோதனையை அதற்கும் செய்யுங்கள்.

வேடர்ஸ் இல்லாதவர்கள்தான் இங்கே அதிகம், அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியானால் வேறு விதமாக யோசிக்க வேண்டும். நனையப் போகிறோம் என்று தெரிந்தே போகிறோம். கீழே சீக்கிரம் காயும் மெல்லிய நைலோன் காற்சட்டை, காலில் கம்பளி மேஸ், கிடைத்தால் முக்குளிப்பவர்கள் போடும் நியோப்பிரீன் மேஸ், மேலே பழைய கான்வஸ் சப்பாத்து. நியோப்பிரீன் மேஸ் தண்ணீரை உள்ளே விடும், ஆனால் விட்ட தண்ணீரை ஓடவிடாமல் பிடித்துச் சூடாக்கி வைத்துக்கொள்ளும். முழங்காலுக்கு மேலே போகக் கூடாது. கால் மணி நேரம் தண்ணீரில், கால் மணி நேரம் கரையில், இப்படித்தான் கணக்கு. மேல் உடம்பைக் காய்ந்த சூட்டில் வைத்திருந்தால் கால் நனைந்தாலும் தாங்கலாம், மேல் உடம்பும் நனைந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

கம்பூட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கணுக்கால் ஆழத்துக்கு அது போதும். அதன் வாயைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விட்டால் ஒவ்வொரு காலிலும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் நடப்பது போலத்தான்.

மேல் உடுப்பு

காற்றையும் மழையையும் தடுத்தால் போதும், இதிலிருந்து சூட்டை எதிர்பார்க்காதீர்கள். இடுப்போடு நிற்கும் குட்டையான மழைக்கோட்டு நல்லது, நீளமானது தண்ணீரில் தோய்ந்து ஈரத்தை மேலே ஏற்றும். மணிக்கட்டில் இறுக்கிக் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பை உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் நூலில் வழிகிற தண்ணீர் கைக்குள்ளால் ஓடி முழங்கை வரைக்கும் போகும், அங்கே தொடங்குகிற ஈரம் அக்குள் வரை ஏறும். என் கோட்டில் இறுக்கும் பட்டி இல்லை. பழைய சைக்கிள் டியூபில் இரண்டு வளையம் வெட்டி மணிக்கட்டில் போட்டுக்கொள்கிறேன், இரத்தம் நிற்கும் அளவுக்கு இறுக்காமல்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற காலத்தில் ஹட்டன், நோர்வுட், மஸ்கெலியாப் பக்கம் மழையும் காற்றும் சேர்ந்து வரும். வெப்பமானியில் ஜனவரியைவிட எண் கூடுதலாகத்தான் காட்டும். ஆனாலும் என்னைக் கேட்டால் ஜூலை மழைக்குளிர் ஜனவரி உறைபனியைவிட மோசம். உறைபனிக் காலத்தில் எட்டரை மணிக்கு வெயில் வந்து காப்பாற்றும், ஜூலையில் யாரும் வரமாட்டார்கள். அந்த மாதங்களில் நடு அடுக்கை ஒன்று குறைத்து மழைக்கோட்டை நல்லதாக எடுங்கள்.

தலை, கழுத்து, கை

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்பார்கள், அது கதை. தலை உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், சூடும் ஏறத்தாழ அந்த அளவில்தான் போகும். ஆனாலும் காதும் கழுத்தும் குளிரை முதலில் உணரும் இடங்கள், அங்கே மூடினால் முழு உடம்புக்கும் தெம்பு வரும். குரங்குத் தொப்பிதான் சிறந்தது, எவ்வளவு சிரித்தாலும் சிரிக்கட்டும். மப்ளரைச் சுற்றுவதென்றால் நுனியை உள்ளே செருகிவிடுங்கள், தொங்கவிட்டால் தூண்டில் முள் அதில்தான் முதல் மீன் பிடிக்கும்.

கைக்கு விரல் நுனி இல்லாத கம்பளிக் கையுறை. பழைய கையுறையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகளை வெட்டி ஓரம் தைத்தால் போதும், முடிச்சுப் போட அந்த மூன்றும்தான் வேண்டும். மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நனைத்துத்தான் பிடிக்க வேண்டும், கம்பளி அதன் மேல் இருக்கிற வழுவழுப்பை உரித்துவிடும். அதன் பிறகு ஈரக்கையைத் துடைக்க ஒரு சின்னத் துணியை மழைக்கோட்டுக்கு உள்ளே நெஞ்சுப் பக்கம் வைத்திருங்கள். துடைத்துவிட்டுக் கையுறையைப் போடுவதற்கும், துடைக்காமல் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

கரையில் உடுத்துகிற வரிசை

வீட்டிலிருந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும், முதல் பத்து நிமிஷம் 'இன்னும் ஒன்று போட்டிருக்கலாமோ' என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான அளவு. நான் ஒரு பழைய சட்டையோடு நடக்கிறேன், அது நனைந்தால் நனையட்டும். ஒரு நாள் அப்படிப் போகும்போது மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன அக்கா ஒருவர், "என்னா தம்பி, பையி நெறைய உடுப்பு, ஒடம்புல ஒண்ணையும் காணோம், ஆத்துக்குப் போறீங்களா, லோன்ட்ரிக்குப் போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் உடனே உடுத்தாதீர்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சு அடங்கட்டும், நூலைக் கோர்த்து முடியுங்கள். பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று நடந்த சட்டையைக் கழற்றி, துவாயால் முதுகையும் அக்குளையும் நன்றாகத் துடையுங்கள். இந்த அரை நிமிஷம் கொடுமையாகத்தான் இருக்கும். காய்ந்த உள்சட்டையைப் போட்டதும் மார்பில் ஒரு சூடு பரவும் பாருங்கள், அதற்காகவே இதைச் செய்யலாம். உள்சட்டையை உள் காற்சட்டைக்குள் செருகுங்கள், காற்சட்டை நுனி மெல்லிய மேஸுக்குள், அதன்மேல் கம்பளி மேஸ். இவ்வளவும் ஒரு படங்குத் துண்டின் மேல் நின்று செய்ய வேண்டும், புல்லில் பனி இருக்கும், மேஸோடு ஒரு அடி வைத்தால் போச்சு. பிறகு பிளீஸ், வேடர்ஸ், அதன் இடுப்புப் பட்டி, கடைசியாக மழைக்கோட்டு வேடர்ஸுக்கு வெளியே. மழைக்கோட்டை உள்ளே செருகினால் மழைத் தண்ணீர் நேராக வேடர்ஸுக்குள் இறங்கும்.

இரண்டாவது பிளீஸை இப்போது போட வேண்டாம். பொலித்தீன் பையில் சுற்றி முதுகுப் பைக்குள் வையுங்கள். அதோடு ஒரு முழு மாற்றுடுப்பும், ஒரு சோடி மேஸும் இன்னொரு பையில். முதல் நாள் இரவே இவற்றை மடித்து வைத்துவிடுங்கள், விடியற்காலை நாலரைக்கு இருட்டில் தேடினால் பருத்திப் பெனியன்தான் கைக்கு வரும்.

தண்ணீருக்குள்

முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், நின்று பழகி மேலே போங்கள். கொய்யாக் கம்பு ஒன்று கையில் இருக்கட்டும், பாறையின் பாசியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நடுக்கம் வரும்வரை காத்திருக்காமல், விரல் நுனி கொஞ்சம் மந்தமாகத் தெரிந்ததுமே கரை ஏறி இரண்டாவது பிளீஸைப் போடுங்கள், தொடையும் புட்டமும் வேலை செய்கிற மாதிரி இருபது தடவை உட்கார்ந்து எழும்புங்கள். உடம்பு ஒரு அடுப்பு, விறகில்லாமல் எத்தனை கம்பளி சுற்றினாலும் சூடு வராது. ரொட்டியும் கட்டச் சம்பலும், பனங்கட்டித் துண்டும், பிளாஸ்கில் சீனி தூக்கலாகப் போட்ட பிளேன்டீயும் கட்டாயம்.

சாராயம் வேண்டாம். ஒரு மடக்கு உள்ளே போனதும் தோலுக்கு இரத்தம் பாய்ந்து சூடாகத் தெரியும், அந்தச் சூடு உடம்பின் நடுவிலிருந்து வெளியே போய்க்கொண்டிருக்கிற சூடு. வீட்டுக்கு வந்த பிறகு அவரவர் இஷ்டம்.

அணைகளுக்குக் கீழே மீன் பிடிக்கிறவர்களுக்கு உடுப்போடு சம்பந்தமில்லாத ஒன்று. மேல் கொத்மலை, காசல்ரீ, மவுசாகலை, கெனியன், லக்சபான என்று எந்த அணைக்குக் கீழே நின்றாலும், மேலே மழை பெய்தால் வான்கதவு திறந்தோ வான் பாய்ந்தோ தண்ணீர் திடீரென்று ஏறலாம் என்பதை மறக்க வேண்டாம். சைரன் கேட்டால் தூண்டிலை விட்டுவிட்டு ஏறுங்கள். தேசியப் பூங்காவுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமலும், தோட்டத்துக்குள் தோட்டத்தில் கேட்காமலும் தூண்டில் போட வேண்டாம்.

விழுந்துவிட்டால்

வேடர்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தால் அது ஆளை அடிக்கு இழுத்துவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரம் இல்லை, அது இழுக்காது. கரை ஏறும்போதுதான் அந்தப் பாரம் முழுக்கத் தெரியும். இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டச் சொல்வது இதற்குத்தான், கீழே போகிற தண்ணீர் குறையும். விழுந்தவுடன் குளிரில் மூச்சு திக்கென்று இழுக்கும், அந்த நேரம் வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பது மட்டும்தான் வேலை. மல்லாந்து, கால் தண்ணீர் ஓடிப் போகும் பக்கம் இருக்க மிதந்து, ஆழம் குறைந்த இடத்தில் கரையைப் பிடியுங்கள். ஓடும் தண்ணீரில் உடனே எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும்.

கரை ஏறியதும் 'இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்பதெல்லாம் வேண்டாம். ஈரம் முழுவதையும் கழற்றி, துடைத்து, மாற்றுடுப்பு. கூட வந்தவர் நடுங்கிக்கொண்டே பேச்சு குழறினால், சிப்பைப் பூட்டத் தெரியாமல் தடுமாறினால், நடக்கும்போது சாய்ந்தால், உடம்பின் உட்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியிருக்கலாம். காற்றில்லாத இடத்தில் படங்கின் மேல் உட்காரவைத்துச் சுற்றிப் போர்த்துங்கள், நன்றாக விழுங்க முடிந்தால் மட்டும் சூடான இனிப்புத் தேநீர் கொடுங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள், நெருப்புக்கு அருகே கொண்டுபோய் வைக்காதீர்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் சரியாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், அது மோசமாகிற அடையாளம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், சிக்னல் இல்லாத பள்ளம் என்றால் ஒருவர் மேலே ஏறிப் போய் அழைக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

பொலியெஸ்டர் உள்சட்டையைத் துணி மிருதுவாக்கும் திரவம் போட்டுத் துவைக்க வேண்டாம், அது இழையில் படிந்து ஈரத்தை இழுக்கிற குணத்தைக் கெடுக்கும். கம்பளி மேஸைச் சுடுதண்ணீரில் போட்டால் அடுத்த தடவை பிள்ளைக்குத்தான் பொருந்தும். வேடர்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் தொங்கவிட்டு, அது காய்ந்ததும் வெளிப்பக்கத்தையும் அதேபோலக் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம்.

மழை மாதங்களில் நம் பக்கம் துணி மூன்று நாளானாலும் காயாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிளீஸை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடலாம், ஆனால் கை எட்டும் உயரத்தில் வேண்டாம், ஒரு தீப்பொறி பட்டாலும் உருகி ஓட்டை விழும். என் நீலப் பிளீஸின் இடது கையில் அப்படி மூன்று ஓட்டை இருக்கிறது, அதற்குப் பச்சை நூலில் பொட்டுப் பொட்டாகத் தைத்துத் தந்தது அப்பாயிதான். விறகுப் புகை வாசம் மட்டும் எத்தனை தடவை துவைத்தாலும் போகவில்லை.